ஐந்து விரலையும் வெளுத்துக்கொண்டு வந்தவர்

போனில் சுமதி அழாத குறைதான்.

"சார், என்னைய பிரிசைடிங் ஆபீசராப் போட்டுட்டாங்க சார். ஊட்டுக்காரர்கிட்டச் சொன்னா சிரிக்கறாரு. எப்படியாச்சும் கேன்சல் பண்ண முடியாதுங்களா?"

சுமதி எங்கள் அலுவலகத்தில் எனக்குக் கீழே எழுத்தராக இருந்தவள். நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் எதற்கெடுத்தாலும் எனக்குப் போன் அடிக்கிற ஒரே ஆள். தேர்தல் வேலையைக் கேன்சல் பண்ண முடியுமா என்று கேட்காத அரசு ஊழியர் திருச்செங்கோட்டில் யாராவது உண்டா என்ன? நானும் கேட்டிருக்கிறேன். முதுகு வலி என்று டாக்டர் சீட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு ஒரு அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். அவர் சீட்டைப் படித்தார். பிறகு எழுந்து திரும்பி நின்று சட்டையைத் தூக்கிக் காட்டினார். இடுப்பில் முதுகு வலிக்குப் போடுகிற பெல்ட் கட்டியிருந்தார். நான் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

"ஆகாதும்மா, போயித்தான் தீரோணும்" என்றேன்.

"அப்பிடின்னா என்னென்ன பண்ணோணும்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க சார். அவங்க குடுத்த பொஸ்தகத்தைத் தொறந்தாலே தூக்கம் வருது."

ஒரு பக்கம்தான் எழுத உட்கார்ந்தேன். அது எங்கெங்கோ போய்விட்டது. சுமதிக்கு வேண்டியது நடுவில் எங்காவது இருக்கும், பொறுக்கி எடுத்துக்கொள்ளட்டும்.

பயிற்சி வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏதாவது ஒரு இன்ஜினீயரிங் காலேஜ் அரங்கம். மைக்கில் ஒருவர் பேசுவார், முன் வரிசைக்கு மட்டும் கேட்கும். பின்வரிசையில் இருக்கிறவர்கள் எந்த ஊருக்குப் போட்டிருக்கிறார்கள், பஸ் உண்டா, கக்கூஸ் உண்டா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். இயந்திரத்தை மேடையில் வைத்து அமுக்கிக் காட்டுவார்கள். எலுமிச்சை சாதம் வரும். அரங்கத்தின் ஒரு மூலையில் எங்கள் தபால் ஓட்டையும் வாங்கிக்கொள்வார்கள். தேர்தல் வேலைக்குப் போகிறவன் அன்றைக்குத் தன் ஊரில் போய் நிற்க முடியாது அல்லவா? சீட்டில் குறி போட்டு, உறையில் வைத்து ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டுச் சாப்பாட்டு வரிசைக்கு ஓடுவோம். அவ்வளவுதான் பயிற்சி. மற்றதெல்லாம் வாக்குச்சாவடியில் மாட்டிக்கொண்டு முழிக்கும்போது கற்றுக்கொள்வது.

ஓட்டுப் போடுவது எப்படி என்று கேட்டால் இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்துக்குப் பின்னால் எங்கள் முதுகெலும்பு இருக்கிறது. முந்தின நாளே மூட்டையும் பெட்டியுமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மேசையை எங்கே போடுவது, மறைவு அட்டையை எங்கே நிறுத்துவது என்று பார்க்க வேண்டும். ஜன்னல் வழியாக யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. காலையில் வெளிச்சம் வருவதற்குள் கட்சி ஏஜென்டுகளை வைத்துக்கொண்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்த வேண்டும். ஒவ்வொரு சின்னத்துக்கும் அமுக்கி, எண்ணிக் காட்டி, எல்லாவற்றையும் அழித்து, சீல் வைத்து, அவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அழிக்க மறந்துவிட்டு அப்படியே வாக்குப்பதிவைத் தொடங்கிய புண்ணியவான்கள் இருக்கிறார்கள். சுமதி, அதை மட்டும் மறந்துவிடாதே.

பிறகு கதவு திறக்கும். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. முதல் அலுவலர் அடையாள அட்டையைப் பார்த்து, பட்டியலில் இருக்கிற பெயரை உரக்கப் படிப்பார். ஏஜென்டுகள் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் உரக்க. வீட்டுக்கு வருகிற பூத் சிலிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டு, "இதே போதும்னு சொன்னாங்களே" என்று கோபித்துக்கொள்கிறவர்கள் எல்லாத் தேர்தலிலும் வருவார்கள். போதாது. அட்டை வேண்டும். ஆதாரோ, வேறு அனுமதித்த எதுவோ ஒன்று வேண்டும். வெயிலில் திருப்பி அனுப்பும்போது நமக்கே பாவமாக இருக்கும், ஆனாலும் அனுப்பித்தான் ஆக வேண்டும்.

இரண்டாம் அலுவலரிடம் மைக்குப்பி இருக்கும். ஒரு கிண்ணத்தில் மணலைப் போட்டு அதற்குள் குப்பியைப் புதைத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் சாய்ந்து மேசையெல்லாம் மையாகும், பிறகு வாழ்நாளுக்கும் போகாது. இடது கை ஆள்காட்டி விரலில், நகத்தின் மேலிருந்து முதல் கணு வரைக்கும் ஒரு கோடு. விரலில் எண்ணெய் இருந்தால் துணியால் துடைத்துவிட்டு வைக்க வேண்டும். அடுத்த வாரம் கல்யாணம், போட்டோவில் அசிங்கமாக இருக்கும் என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வந்த மாப்பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, ஒரு சின்னச் சீட்டைக் கொடுப்பார்கள். மூன்றாம் அலுவலர் அந்தச் சீட்டை வாங்கி, விரலில் மை இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, இயந்திரத்தை ஓட்டுக்குத் திறந்துவிடும் பொத்தானை அமுக்குவார். அப்புறம் மறைவு அட்டைக்குப் பின்னால் போய், பிடித்த சின்னத்துக்கு நேரே இருக்கிற நீலப் பொத்தானை அமுக்க வேண்டும். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் அந்தச் சின்னம் அச்சான ஒரு சீட்டுத் தெரியும், பார்ப்பதற்குள் விழுந்துவிடும். கீய்ங் என்று நீளமாக ஒரு சத்தம் வரும். சத்தம் வந்தால் ஓட்டு விழுந்தது. சத்தம் வருவதற்குள் வெளியே வந்து நிற்கிறவர்களைத் திருப்பி அனுப்பியே என் தொண்டை கட்டிப் போனது. அந்தச் சத்தம் தேர்தல் முடிந்த பிறகும் ஒரு வாரத்துக்குக் காதை விட்டுப் போகாது.

எங்களுக்கு மேலே மண்டல அலுவலர் என்று ஒருவர் ஜீப்பில் சுற்றிக்கொண்டிருப்பார். நான் சொல்லப்போகிற தேர்தலில் எங்களுக்கு வாய்த்தவர் ரங்கநாதன் சார். கழுத்தில் ஈரத்துண்டு, சட்டைப்பையில் பச்சை மைப் பேனா. யாரையும் திட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. சாப்பாடு வரவில்லை என்றால், "சரி, சரி, சரி" என்பார். மின்விசிறி ஓடவில்லை என்றாலும் "சரி, சரி, சரி"தான். ஜீப்பை விட்டு இறங்காமல் ஜன்னல் வழியாக அவர் கேட்பது ஒன்றே ஒன்று. "எத்தனை பர்சன்ட் ஆச்சுங்க?" அவர் அதை மேலே சொல்ல வேண்டும், மேலே இருக்கிறவர் அதற்கு மேலே சொல்ல வேண்டும். மனிதரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அவருக்கும் முதுகு வலி இருந்திருக்கும்.

அந்தத் தேர்தலில் பிரிசைடிங் ஆபீசராக, அதாவது வாக்குச்சாவடிப் பொறுப்பாளராக, எனக்குக் கிடைத்தது குமாரபாளையத்தில் சாயப்பட்டறைகள் நெருக்கிக்கொண்டு நிற்கிற ஒரு தெரு. தெருக்கோடியில் ஒரு ஆரம்பப் பள்ளி, அதுதான் வாக்குச்சாவடி. இரண்டாம் அலுவலராக வந்தது தேவி டீச்சர், ராசிபுரம் பக்கத்துப் பள்ளியில் வேலை. காலையில் வந்த முதல் பத்துப் பேரின் விரலைப் பார்த்ததுமே அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சார், இவங்க விரல் எல்லாமே மை வச்ச மாதிரிதான் இருக்குது. எங்க வைக்கறது, எப்பிடிப் பாக்கறது?" பட்டறையில் வேலை செய்கிறவர்கள் கையெல்லாம் நீலம், கருப்பு, சிவப்பு. நகக்கண்ணில் ஏறிய சாயம் எதைப் போட்டாலும் போகாது. நகத்தின் மேலே நன்றாகத் தடித்து வையுங்கள் என்று மட்டும் சொன்னேன். வேறு என்ன சொல்ல?

மத்தியானம் வெயில் ஏறியபோது செல்லமுத்து வந்தார். பெயரை முதல் அலுவலர் படித்ததும் ஏஜென்டுகள் தலையாட்டினார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வலது கை முழங்கை வரைக்கும் கருநீலமாக இருந்தது, அது அந்தத் தெருவில் புதுசு இல்லை. இடது கையை நீட்டினார்.

"ஐயோ! என்னங்க இது?" என்று தேவி டீச்சர் கத்திவிட்டார்.

மணிக்கட்டிலிருந்து கீழே கை வெந்த மாதிரி வெளுத்திருந்தது. தோல் அங்கங்கே உரிந்து சிவப்பாகத் தெரிந்தது. நகமெல்லாம் மஞ்சளடித்து, ஓரம் வெடித்திருந்தது. மணிக்கட்டுக்கு மேலே திரும்பவும் நீலம் தொடங்கியது.

ஒரு கட்சியின் ஏஜென்டாக உட்கார்ந்திருந்த குமரேசன் சட்டென்று எழுந்தான். இளைஞன், காலையிலிருந்து துருதுருவென்று எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தவன். "சார், நிறுத்துங்க. மையை அழிச்சுட்டு வந்திருக்காரு. எந்த பூத்துல போட்டுட்டு வந்தாரோ!"

"இல்லீங்க சாமி. நான் இன்னும் போடவே இல்லீங்க. இது சாயத்தைப் போக்கினதுங்க" என்றார் செல்லமுத்து.

"சாயத்தைப் போக்கறவரு ரெண்டு கையிலயுமில்ல போக்கோணும்? எடது கையில மட்டும் எதுக்குங்க? மை வைக்கற கை அதானே? இது திருட்டு ஓட்டுங்க சார்."

அவன் கேட்டதில் தப்பில்லை. மையை அழிக்கப் பார்த்த தடயம் இருந்தால் ஓட்டுப் போட விடக் கூடாது என்று கையேட்டில் தெளிவாகவே இருக்கிறது. அன்று காலை அவன் கட்சிக்காரர்கள், எதிர்த் தரப்பு மையை அழித்துவிட்டு ஆள் அனுப்பப்போகிறது, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எதிர்க்கட்சி ஏஜென்டைப் பார்த்தேன். பெரியவர். "ஆளு நம்ம பட்டறை ஆளுதானுங்க. கையைப் பத்தி எனக்கொண்ணும் தெரியாதுங்க" என்று நழுவிவிட்டார்.

திருட்டு ஓட்டு என்ற சொல் வாசலுக்குப் போய்விட்டது. பெண்கள் வரிசையில் முன்னால் நின்ற ஒரு கல்லூரிப் பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள். முகம் சிவந்து போயிருந்தது. "அப்பா, வாங்க ஊட்டுக்குப் போலாம். இந்த ஓட்டே வேண்டாம்."

"இப்பப் போனா திருடன்னே ஆயிரும் கண்ணு. நீ வரிசையிலயே நில்லு" என்றார் அவர்.

உண்மையைச் சொன்னால் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். ஐயா, சாயக் கையோடே வந்திருக்கக் கூடாதா? நகத்தின் மேலே தடித்து வைத்து அனுப்பியிருப்போமே? இவரை விட்டுவிட்டுப் பிறகு தப்பென்று தெரிந்தால் என் வேலைக்கு வேட்டு. திருப்பி அனுப்பினால், இந்தத் தெருவில் இவர் பெயர் திருட்டு ஓட்டுச் செல்லமுத்து. அதுவும் பெற்ற பெண் பார்த்துக்கொண்டிருக்க.

அவரை ஓரமாக ஒரு குட்டி பெஞ்சில் உட்காரவைத்து, வரிசையை நகர்த்தச் சொல்லிவிட்டு, மண்டல அலுவலருக்குப் போன் செய்தேன். முழுவதும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி, சரி, சரி. கையேட்டுல என்ன போட்டிருக்குதோ அதுபடி செய்யுங்க."

"கையேட்டுல சாயப்பட்டறையப் பத்திப் போடலீங்க சார்."

"முடிவெடுக்க வேண்டியது நீங்கதானுங்க. எனக்கு எழுதி மட்டும் வச்சிருங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அது சரி, எத்தனை பர்சன்ட் ஆச்சுங்க?"

சொன்னேன். வேறு என்ன செய்ய? போனை வைத்துவிட்டுப் பெஞ்சுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தக் கையிலிருந்து மருந்து நெடி மூக்கில் ஏறியது.

"எதுலங்க இப்பிடித் தேய்ச்சீங்க?"

"பட்டறையில நூலுக்குச் சாயம் பெசகிப் போச்சுன்னா வெளுக்கறதுக்கு ஒரு பவுடர் வச்சிருப்பமுங்க. தண்ணியில கரைச்சு மூணு நாளா ஊற வச்சனுங்க."

"எடது கையில மட்டும் எதுக்குங்க?"

அவர் என்னைப் பார்த்த பார்வை, இது ஒரு கேள்வியா என்பது போல இருந்தது. "சோத்துக் கையும் போச்சுன்னா எப்பிடிங்க சாப்புடறது?"

எனக்குச் சுருக்கென்றது. குமரேசன் கேட்டபோது நானும்தான் யோசித்தேன், வலது கையை ஏன் விட்டார் என்று. சாப்பிடுகிற கை என்பது எனக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. அலுவலக மூளை அப்படி. ஆனால் அது ஒன்று மட்டும் போதாது. அவர் சொன்னது உண்மைதான் என்று எனக்குப் பட்டது, ஏஜென்டுகளுக்குப் படும்படி எப்படிக் காட்டுவது?

கையைத் திரும்பவும் பார்த்தேன். ஐந்து விரலும் ஒரே மாதிரி வெளுத்திருந்தன. கட்டைவிரல், சுண்டுவிரல், உள்ளங்கை, புறங்கை எல்லாம்.

"ஆள்காட்டி விரல்லதானே மை வைப்போம்? அஞ்சு விரலையும் எதுக்குங்க இப்பிடிப் புண்ணாக்கிக்கிட்டீங்க?"

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். மகள், பின்னால் வந்தவர்களுக்கு வழி விட்டுவிட்டு, வரிசையிலேயே நின்றுகொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எந்த வெரலுன்னு எனக்குத் தெரியாதுங்க சாமி. நான் இதுவரைக்கும் போட்டதே இல்லீங்க."

சின்ன வயதில் முதல் முறை ஓட்டுப் போடப் போனபோது, மேசையில் இருந்தவர் கையைப் பார்த்துவிட்டு, போய்க் கழுவிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறார். வரிசையே சிரித்திருக்கிறது. கழுவினால் போகிற கையா அது? அதற்கப்புறம் ஒவ்வொரு தேர்தலுக்கும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புவார். டீக்கடையில் நின்றுவிட்டு, ஓட்டுப் போட்டாயிற்று என்று வீட்டுக்கு வந்துவிடுவார். அந்தத் தெருவில் யார் விரலைப் பார்த்து யார் கண்டுபிடிக்க முடியும்? அந்த முறை பெண்ணுக்கு முதல் ஓட்டு. ரெண்டு பேரும் சேர்ந்தே போகலாம்பா என்று சொல்லிவிட்டாள். இடது கையில் மை வைப்பார்கள் என்பது மட்டும் யாரோ பேசிக் காதில் விழுந்திருந்தது.

"பொண்ணுகிட்டக் கேட்டிருக்கலாமேங்க?"

"கேட்டா நான் போட்டதில்லைன்னு தெரிஞ்சு போயிருமுங்களே."

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "இதை ஏஜென்டுங்க முன்னால நீங்களே சொல்லோணுமுங்க. எங்கிட்ட ரகசியமாச் சொன்னா எடுபடாது."

"பொண்ணு நிக்குதுங்களே சாமி."

"நிக்குதுங்க. நான் வேணும்னா அதைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லட்டுமா?"

அவர் யோசித்தார். எனக்கென்னவோ இவர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார் என்றுதான் தோன்றியது. திருடன் என்கிற பெயரோடு போனாலும், மகளுக்குத் தெரியாமல் இத்தனை வருஷம் காப்பாற்றிய ரகசியம் தப்பும். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

அவர் எழுந்தார். வாசல் பக்கம் போகவில்லை, மேசைக்கு வந்தார். இடது கையை ஐந்து விரலும் விரித்து மேசை மேல் வைத்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எனக்கு வயசு அம்பது தாண்டியாச்சு. நான் இதுவரைக்கும் ஒரு ஓட்டும் போட்டதில்லை. எந்த வெரல்ல வைப்பாங்கன்னே எனக்குத் தெரியாது. அதனாலதான் அஞ்சையும் தேய்ச்சேன். வைக்கறதுன்னா வைங்க, வேண்டாம்னா போறேன்."

நான் குமரேசனைப் பார்த்துக் கேட்டேன். "தம்பி, நீங்க காலையில ஓட்டுப் போட்டீங்க. மையை அழிக்கோணும்னா எத்தனை விரலைத் தேய்ப்பீங்க?"

அவன் தன் இடது கை ஆள்காட்டி விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டான். செல்லமுத்துவின் விரல்களைப் பார்த்தான். அவன் நல்ல பையன்தான். "நான் ஆட்சேபணை சொன்னேன்னு எழுதிக்கங்க சார். அப்பறம் அவரைப் போடச் சொல்லுங்க" என்று உட்கார்ந்துகொண்டான்.

எழுதிக்கொண்டேன். தேவி டீச்சர் மைக்குச்சியை எடுத்தவர் அப்படியே நின்றார். புண்ணில் அந்த மை பட்டால் எரியும். வேறு விரலில் வைக்கலாமா என்று கேட்டார். இடது ஆள்காட்டி விரல் இருக்கும்போது வேறு விரலில் வைக்க விதியில்லை. வலது கையிலும் வைக்க முடியாது. நான் இல்லை என்று தலையாட்டினேன். சொல்லவே பிடிக்கவில்லை, ஆனாலும் ஆட்டினேன்.

"நல்லா வைங்க டீச்சர்" என்றார் செல்லமுத்து. கோடு விழுந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்ஸ் என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக்கூட இல்லை, கைநாட்டு வைத்துவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு போனார். மறைவு அட்டைக்குப் பின்னால் ரொம்ப நேரம் நின்றார். எனக்கு மறுபடியும் பயம். பொத்தான் தெரியாமல் நிற்கிறாரோ, போய்ச் சொல்லித்தரவும் விதியில்லையே என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

கீய்ங் என்று சத்தம் வந்தது.

அடுத்து உள்ளே வந்தது அவர் பெண். பெயரைப் படித்தார்கள், மை வைத்தார்கள். அவள் சீட்டோடு மூன்றாம் அலுவலரிடம் போகிற வழியில் குமரேசன் முன்னால் நின்றாள். "கேட்டுச்சாங்கண்ணா சத்தம்?" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "கேட்டுச்சுங்க" என்றான். அப்பன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே போனவள், அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. புண்ணான கையைத் தொட்டு வலிக்கக் கூடாது என்று, சட்டைக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் ரங்கநாதன் சார் அதிசயமாக ஜீப்பிலிருந்து இறங்கி உள்ளே வந்தார். நான் எழுதி வைத்திருந்ததை வாங்கி நின்றபடியே படித்தார். ஈரத்துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"அஞ்சு விரலுமாங்க?"

"ஆமாங்க சார்."

"சரி" என்றார், ஒரே ஒரு முறை. பச்சைப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அவர் பர்சன்ட் கேட்காமலே கிளம்பிவிட்டார், பிறகு ஞாபகம் வந்து ஜீப்பிலிருந்து போன் செய்தார்.

அதற்குப் பிறகும் நிறையத் தேர்தல் வேலை பார்த்தேன். எல்லாவற்றையும் எழுதினால் சுமதி போனை எடுக்கவே மாட்டாள். அசதி, முழங்கால் வலி, இயந்திரத்தைத் திருப்பி ஒப்படைக்கிற இடத்தில் தள்ளுமுள்ளு, அதே எலுமிச்சை சாதம். ஓய்வு பெற்றபோது, இனிமேல் தேர்தல் என்ற சொல்லைக் காதால் மட்டும் கேட்டால் போதும், வேலை பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். வேலை விட்டுப் போனதில் எனக்கு ஒரே ஒரு நிம்மதி அதுதான்.

போன தேர்தலுக்கு நானும் என் மனைவியும் நடந்தே போனோம். எங்கள் தெருவுக்கு அடுத்த பள்ளிக்கூடம். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் லாரியோடு வடக்கே போன பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர்கூட ஓட்டுக்காக வந்திருந்தார்கள், வரிசையில் முன்னால் நின்றார்கள். வெயில் கொளுத்தியது. கால் கடுத்தது. வரிசையில் நிற்பது இவ்வளவு சிரமம் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போயிற்று. எதிர்ப்பக்கம் மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு, தள்ளாதீங்க, பொறுங்க என்று அதட்டிக்கொண்டிருந்தவன் நான். பெண்கள் வரிசை சீக்கிரம் நகர்ந்துவிட்டது. என் மனைவி எனக்கு முன்னாலேயே மை வைத்துக்கொண்டு, சீட்டோடு நின்றாள்.

என் பெயரை உரக்கப் படித்தார்கள். மணல் கிண்ணம், குப்பி, குச்சி எல்லாம் சரியாக இருந்தன. நான் சரிபார்த்துக்கொண்டேன், பழக்கதோஷம். சின்ன வயதுப் பெண் ஒருத்தி இரண்டாம் அலுவலராக இருந்தாள். "விரலை நீட்டுங்க ஐயா" என்றாள்.

நீட்டினேன்.

அவள் மைக்குச்சியைத் தூக்கியவள் நிறுத்திவிட்டாள். நான் எதற்கு நிறுத்துகிறாள் என்று பார்த்தேன். பிறகு என் கையைப் பார்த்தேன். வலது கை. எத்தனை ஆயிரம் விரல்களை மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருப்பேன், எல்லாம் எதிரே, என் வலது கைப் பக்கமாக வந்து நீண்ட விரல்கள். என் விரலை ஒருவரும் கேட்டதில்லை. வேலையில் சேர்ந்தபோது பட்டியலில் பெயரே இல்லை, அதற்குப் பிறகு எல்லாம் தபால் ஓட்டு. இந்த உடம்பில் அந்த மை ஒருநாளும் பட்டதில்லை.

வரிசையில் பின்னால் யாரோ சிரித்தார்கள். என் மனைவி திரும்பிப் பார்த்தாள். "ஊர் வெரலெல்லாம் பாத்த மனுசன், தன்னோட வெரல் எதுன்னு தெரியலையாம்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். அறை முழுவதும் சிரித்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "எடது கைங்க ஐயா" என்றாள். என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "மொதத் தடவைங்களா?" என்று கேட்டாள்.

பேசாமல் கையை மாற்றிக்கொண்டு நகர்ந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். குமாரபாளையத்தில் மேசை மேல் விரித்து வைத்த அந்தக் கை ஞாபகம் வந்தது. அவருக்கு அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆயிற்று, எத்தனை தடவை வாசலைப் பார்த்தார். நான் அவரிடம் நீங்களே சொல்லுங்கள் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

இடது கையை எடுத்து மேசை மேல் வைத்தேன். ஏஜென்டுகளுக்கும், வரிசைக்கும், என் மனைவிக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்திச் சொன்னேன்.

"ஆமாம்மா. மொதத் தடவை."